ஒருவர் கால் முறிந்ததற்கு ஓர் அணியை நிறுத்தியவர்களுக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ப்ளேஆஃப் தேர்வுக் குழுவில் இன்று அமர்ந்திருப்பவர்களுக்கும், 2023 டிசம்பரில் அமர்ந்திருந்தவர்களுக்கும்,

வணக்கம்.

முதலிலேயே உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் படித்தவன் நான். உங்கள் குழுவின் விதிப்படி, தன்னோடு தொடர்புள்ள கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து அறைக்கு வெளியே போய்விட வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த மடலை நான் எழுதவே கூடாது. ஆனால் எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, வாய் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே வராந்தாவில் நின்றபடி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சார்பும் எனக்கு உண்டு. நான் காமிக்ஸ் பைத்தியம். சிவகாசியில் அச்சாகி வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவன். மாயாவி தனி ஆள். ஆய்வகத்தில் ஒரு விபத்து, கை போயிற்று, கை போன பிறகுதான் அவர் மாயாவி ஆனார். சூப்பர்ஹீரோக்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெயரின்கீழ் இயங்குவார்கள் என்பதை அமெரிக்கா வந்த பிறகுதான் பழைய இதழ்களைத் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை டோக் கேம்பல் ஸ்டேடியத்தில் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை படுக்கையில் காமிக்ஸ் என்று அந்த இரண்டு ஆண்டும் போயிற்று. இரண்டும் எனக்குள் ஒன்றோடொன்று கலந்துபோனதற்கு நான் பொறுப்பல்ல. செமினோல் தலைவர் ஓசியோலாவின் வேடமிட்ட மாணவர் ரெனகேட் என்ற குதிரையில் பாய்ந்து வந்து, எரியும் ஈட்டியை மைதானத்தின் நடுவில் குத்துகிற ஊர் அது. 1978 முதல் நடக்கிறது, ஃப்ளோரிடா செமினோல் பழங்குடியினரின் ஒப்புதலோடு. எந்தக் காமிக்ஸ் ஓவியரும் அதற்கு முழுப் பக்கம் ஒதுக்குவார்.

விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 3, ஞாயிறு மதியம். நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃபில் அன்று நான்கே நான்கு இடங்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா என்று அறிவித்தீர்கள். 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்று, எங்கள் மாநாடான (கல்லூரிகள் சேர்ந்த லீக்) ஏசிசியின் கோப்பையையும் கையில் வைத்திருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம். பெரிய ஐந்து மாநாடுகளில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் கோப்பை வென்ற அணி ப்ளேஆஃபுக்கு வெளியே நின்றது அதுவே முதல் தடவை. அலபாமாவும் டெக்சாஸும் ஆளுக்கு ஓர் ஆட்டம் தோற்றிருந்தன. உங்கள் அன்றைய தலைவர் சொன்ன காரணத்தின் சாரம் இவ்வளவுதான்: ஜோர்டன் ட்ராவிஸ் இல்லாத இந்த அணி, முதல் பதினோரு வாரம் ஆடிய அணி அல்ல.

ட்ராவிஸ் எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில், முதல் கால் பகுதியிலேயே, கால் முறிந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்ன அணிதான் எதிரில். ஆனாலும் அன்று நாங்கள் 0-13 என்று பின்தங்கினோம். மைதானமே வாயடைத்துப்போயிற்று. பிறகு இரண்டாம் ஆள் டேட் ரோட்மேக்கர் இறங்க, ஆட்டம் 58-13 என்று முடிந்தது.

அடுத்த வாரம் கெய்ன்ஸ்வில்லில், பரம வைரியான ஃப்ளோரிடாவின் சொந்த மண்ணில், அதே ரோட்மேக்கரை வைத்து 24-15. அந்த ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடி. சரி, மூன்றாம் ஆள். டிசம்பர் 2, சார்லட் நகரில் ஏசிசி இறுதி ஆட்டம். ப்ராக் க்ளென் என்ற முதலாண்டு மாணவர், கல்லூரி வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்குகிறார். எதிரில் லூயிவில். 16-6. வெற்றி.

அந்த 16-6 அழகான ஆட்டம் இல்லை. நானே சொல்கிறேன். பந்து முன்னால் போகவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பல் கூசியது. ஆனால் லூயிவில் அன்று ஒரு டச்டவுன்கூட (பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது, ஆறு புள்ளி) எடுக்கவில்லை. உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி ஃபீல்ட் கோல் இரண்டு, அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் பதின்ம வயதுப் பையன் தடுமாறிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் தடுப்பாட்டக்காரர்கள் பதினோரு பேரும் அவனுக்கும் சேர்த்து உழைத்தார்கள். இதைப் பார்த்து "அணி பலவீனமாகிவிட்டது" என்று எழுதிக்கொண்டீர்கள். நான் பார்த்தது வேறு. 1965-இல் வந்த ஒரு கதையை மறுபடி படிப்பதுபோல இருந்தது.

அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1963 செப்டம்பர் தேதியிட்டு அவெஞ்சர்ஸின் முதல் இதழ் வந்தபோது அணியில் இருந்தவர்கள் அயர்ன் மேன், தோர், ஹல்க், ஆன்ட்-மேன், வாஸ்ப். இடியின் கடவுளும் பச்சை ராட்சசனும் ஒரே அணியில். ஹல்க் இரண்டாவது இதழிலேயே கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான்காவதில் பனிக்கட்டிக்குள்ளிருந்து கேப்டன் அமெரிக்கா வந்து சேர்ந்தார். 1965 மே தேதியிட்ட பதினாறாவது இதழில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. நிறுவியவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் எல்லோரும் விலகிவிட, கேப்டன் கையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஹாக்ஐ: வில்லும் அம்பும் வைத்திருக்கிற மனிதர், அதற்குமுன் அயர்ன் மேனோடு மோதிய எதிரி. குவிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்சும்: எக்ஸ்-மென் என்ற இன்னொரு அணியின் எதிரியான மேக்னீட்டோவின் கும்பலில் இருந்து வந்த அண்ணன் தங்கை. தோரின் சுத்தியல் இல்லை, இரும்புக் கவசம் இல்லை. போதாக்குறைக்கு ஹாக்ஐக்கு கேப்டனைக் கண்டாலே ஆகாது. தலைமை தனக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு இதழிலும் மல்லுக்கு நிற்பார்.

அட்டையில் இருந்த பெயர் மட்டும் மாறவில்லை. அவெஞ்சர்ஸ்தான். பழைய ஆட்கள் இல்லாததால் இது அவெஞ்சர்ஸ் இல்லை என்று யாரும் இதழின் பெயரை எடுத்துவிடவில்லை. சூப்பர்ஹீரோ அணி என்ற கற்பனைக்கே உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். தனி ஹீரோவின் இதழில் ஹீரோ விழுந்தால் கதை நின்றுவிடும். அணியின் இதழில் ஒருவர் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் யார் என்றே நமக்குத் தெரியவரும்.

எங்கள் 2023 அணியை நான் அவெஞ்சர்ஸோடு ஒப்பிடுவது சும்மா ஆசைக்காக அல்ல. அந்த அணி சேர்ந்த விதமே அப்படி. ஜேரட் வெர்ஸ் வந்தது ஆல்பனி என்ற இரண்டாம் தட்டுக் கல்லூரியிலிருந்து. ப்ரேடன் ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிச்சிகனிலிருந்து. கியோன் கோல்மன் மிச்சிகன் ஸ்டேட். அங்கே கூடைப்பந்தும் ஆடியவர். ஜானி வில்சன் அரிசோனா ஸ்டேட், ட்ரே பென்சன் ஆரிகன். கேப்டனாக நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ட்ராவிஸே லூயிவில்லில் தொடங்கி எங்களிடம் வந்தவர்தான். எதிரி முகாமிலிருந்து ஆள் எடுப்பதை இப்போது ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்கிறார்கள். 1965-இல் அதற்குப் பெயர் இல்லை, ஆனால் ஹாக்ஐ அப்படி வந்தவர்தான்.

இந்த இடத்தில் எக்ஸ்-மென் ரசிகர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். எக்ஸ்-மென் இதழ் 1970 வாக்கில் விற்பனை படுத்து, புதுக் கதையே இல்லாமல் பழையதையே மறுபதிப்பு போட்டு ஐந்து வருடம் ஓட்டியது. 1975-இல் ஒரு பெரிய சிறப்பிதழ். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்க்ராலர், ரஷ்யாவிலிருந்து கொலாசஸ், அதற்கு முந்தின வருடம்தான் ஹல்க்கின் எதிராளியாக அறிமுகமாகியிருந்த கனடாக்காரர் வுல்வரின் என்று திசைக்கொருவராகத் திரட்டி அணியையே புதிதாகக் கட்டினார்கள். மைக் நார்வெல் பயிற்சியாளராக வந்த எங்கள் கதையும் அதேதான். 2020-இல் 3 வெற்றி 6 தோல்வி. 2021-இல் 5 வெற்றி 7 தோல்வி. அதில் ஒன்று, சொந்த மைதானத்தில் ஜாக்சன்வில் ஸ்டேட் என்ற சிறிய அணியிடம் கடைசிப் பந்தில் 17-20 என்று தோற்றது. அந்த இரவை எங்கள் கல்லூரி ஊரான டாலஹாசிக்காரர்கள் யாரிடமும் நினைவுபடுத்தாதீர்கள். 2022-இல் 10-3. பிறகு 13-0. மறுபதிப்பு ஓட்டிக்கொண்டிருந்த இதழ் மூன்றே ஆண்டில் எழுந்து நின்றது.

உங்கள் தரப்பையும் பார்க்காமல் இல்லை. உங்கள் வழிகாட்டு விதிகளில் ஒரு வரி உண்டு: முக்கிய வீரர்களோ பயிற்சியாளர்களோ இல்லாமற்போனது பருவத்தின்போது அணியின் ஆட்டத்தைப் பாதித்திருந்தால், அல்லது இனி வரும் ஆட்டங்களைப் பாதிக்கக்கூடும் என்றால், அதைக் கணக்கில் எடுக்கலாம். விதிக்குள் நின்றுதான் செய்தீர்கள். நான்கு இடத்துக்கு ஆறு பேர் தகுதியோடு நின்ற நாள் அது. முந்தின இரவுதான் 29 ஆட்டமாகத் தோல்வியே காணாத ஜார்ஜியாவை அலபாமா 27-24 என்று வீழ்த்தியிருந்தது. அலபாமாவை டெக்சாஸ் செப்டம்பரிலேயே வென்றிருந்தது. ஒருவரை உள்ளே எடுத்தால் மற்றவரை விட முடியாத முடிச்சு. யாரையாவது வெட்டியே ஆக வேண்டும். எல்லாம் எனக்குப் புரிகிறது.

புரியாத ஒன்று இருக்கிறது. அந்த விதியை நீங்கள் 2014-இல் எங்கே வைத்திருந்தீர்கள்?

உங்கள் குழுவின் முதலாம் ஆண்டு அது. ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் ப்ராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்குமுன்பே தோளில் அடிபட்டு வெளியே. அடுத்து வந்த ஜே.டி. பேரெட் நவம்பர் கடைசியில், மிச்சிகனுக்கு எதிராக, கணுக்கால் முறிந்து வெளியே. மூன்றாம் ஆள் கார்டேல் ஜோன்ஸ். அவர் தொடங்கிய முதல் ஆட்டமே பிக் டென் மாநாட்டின் இறுதி; விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கினார்கள். நான்காம் இடம் கொடுத்து உள்ளே விட்டீர்கள். அதற்காக, அந்த வாரம் 55-3 என்று வென்ற டெக்சாஸ் கிறிஸ்டியனை மூன்றிலிருந்து ஆறுக்குத் தள்ளினீர்கள் என்பது வேறு சோகம். மூன்றாம் ஆள் அலபாமாவை 42-35 என்றும், இறுதியில் ஆரிகனை 42-20 என்றும் வென்று கோப்பையைத் தூக்கினார். உங்கள் ப்ளேஆஃபின் முதல் சாம்பியனே மூன்றாம் ஆளை வைத்து வென்ற அணிதான். அந்தப் படத்தை எத்தனை விளம்பரத்தில் ஓட்டினார்கள்!

59-0 வேறு, 16-6 வேறு என்பீர்கள். ஆமாம், வேறு. ஜோன்ஸ் வாரி வழங்கினார், க்ளென் திணறினார். ஆனால் அந்த வித்தியாசத்துக்குப் பெயர் அழகு. அழகுக்கு மதிப்பெண் போடும் விளையாட்டுகளும் உலகத்தில் இருக்கின்றன, ஐஸ் ஸ்கேட்டிங் மாதிரி. இதில் வெற்றி என்ற கட்டம் ஒன்றுதான்.

அடுத்து நீங்கள் எடுக்கப்போகும் ஆயுதம் எனக்குத் தெரியும். டிசம்பர் 30, ப்ளேஆஃபுக்கு வெளியே பருவ முடிவில் நடந்த ஆரஞ்ச் பௌல் ஆட்டம், ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3. பௌல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரியாயிற்றா?" என்று உங்களில் யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. உங்கள் சார்பில் நாடு முழுக்கக் கேட்டது.

அந்த இரவு ஆடியது யார்? வெர்ஸ் இல்லை. கோல்மன் இல்லை, வில்சன் இல்லை, பென்சன் இல்லை. ரோட்மேக்கர் வேறு கல்லூரி தேடிப் போர்ட்டலுக்குள் போய்விட்டார். இருபதுக்கும் மேற்பட்டோர் களமிறங்கவில்லை. என்எஃப்எல் (தொழில்முறை லீக்) தேர்வு எதிரில் இருக்கும்போது, எதற்கும் உதவாத ஓர் ஆட்டத்துக்காக முழங்காலைப் பணயம் வைப்பானேன் என்று ஒதுங்கினார்கள். ப்ளேஆஃப் என்றால் அவர்களில் பெரும்பாலோர் நின்றிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. நிரூபிக்க வழி இல்லை. நிரூபிக்கும் வழியை அடைத்ததே நீங்கள்தான். "நீங்கள் ஓர் அணியே இல்லை" என்று டிசம்பர் 3 அன்று தீர்ப்புச் சொன்னீர்கள், டிசம்பர் 30 அன்று அது உண்மையாகவே ஓர் அணியாக இல்லை. மருத்துவர் மூச்சுக்குழாயைப் பிடுங்கிவிட்டு, நோயாளி பிழைக்க மாட்டான் என்று அப்போதே சொன்னேனே என்பதுபோல இருக்கிறது.

ட்ராவிஸ் இல்லாமல் அதில் ஒன்றுமே இல்லை என்று சொன்னீர்களே, அந்த ஒன்றுமில்லாத கூட்டத்திலிருந்து வெர்ஸும் ஃபிஸ்க்கும் ராம்ஸ் அணிக்குப் போனார்கள். வெர்ஸ் தன் முதலாண்டிலேயே, 2024-இல், என்எஃப்எல்லின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். உங்கள் நான்கில் ஒன்றான அலபாமா, ப்ளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பௌலில் மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 20-27 என்று தோற்றது. நல்ல ஆட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆபர்னுக்கு எதிராக கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 31 கெஜம் வேண்டும் என்ற நிலையில் டச்டவுன் எறிந்து தப்பிப் பிழைத்த அணி அது. காமிக்ஸில்கூட அப்படி எழுதினால் வாசகர் கடிதத்தில் திட்டுவார்கள்.

அறிவிப்பு வந்த அன்று ட்ராவிஸ் எழுதியதைப் படித்திருப்பீர்கள். என் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கைவிடப் பெரியது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்குமே என்ற பொருளில் எழுதி, கடைசியில் மன்னிப்பும் கேட்டிருந்தார். கால் முறிந்தவர் மன்னிப்புக் கேட்டார். மற்றதெல்லாம், அதாவது மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணை, ஆளுநர் வழக்குச் செலவுக்கென்று கேட்ட 10 லட்சம் டாலர், பல்கலைக்கழகம் தன் சொந்த மாநாட்டின் மேலேயே தொடுத்த வழக்கு எல்லாம், எனக்கு வெறும் கூத்தாகத்தான் பட்டன. ட்ராவிஸின் அந்த வரிகள் மட்டும் அப்படிப் படவில்லை. ஜெட்ஸ் அணி அவரை 2024-இல் ஐந்தாம் சுற்றில் எடுத்தது. அந்தக் கால் சரியாகவே இல்லை. ஓர் என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாமல் 2025-இல் ஓய்வை அறிவித்தார்.

காமிக்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு சண்டை வரும். ஹல்க்கும் தோரும் மோதினால் யார் ஜெயிப்பார்? மணிக்கணக்கில் வாதாடலாம். கடைசியில் விவரம் தெரிந்த ஒருவர் சொல்வார்: அந்த மாதம் கதை எழுதுகிறவர் யாரை ஜெயிக்க வைக்கிறாரோ அவர். மேசையில் உட்கார்ந்து, ஆடாத சண்டையின் முடிவைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அது அவர்கள் பிழைப்பு. டெக்சாஸின் கிரேப்வைன் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் கூடும் உங்களுக்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை. நடந்து முடிந்த ஆட்டங்களை வாசித்துச் சொல்வதுதான் உங்கள் வேலை.

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. 2023-ஐத் திருத்தித் தரச் சொல்லவில்லை. அந்த வருடம் போனது போனதுதான். அந்த விதியின் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு வீரர் இல்லாததால் அணி அக்டோபரில் தோற்றது, அவர் இப்போது திரும்பிவிட்டார் என்றால் அந்தத் தோல்வியைக் கொஞ்சம் மன்னித்துப் பார்க்கலாம். முதல் பாதி அதற்குத்தான், அது இருக்கட்டும். "இனிமேல் பாதிக்கக்கூடும்" என்ற பாதி ஜோசியம். இப்போது 12 அணிகள் ஆயிற்றே, இன்னும் ஏன் புலம்புகிறாய் என்று கேட்கலாம். பன்னிரண்டாவது இடத்துக்கும் பதின்மூன்றாவதுக்கும் நடுவிலும் அதே கோடுதான் இருக்கிறது, அதே ஜோசியம் அங்கேயும் செல்லும். 2024-இல் ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் கார்சன் பெக் எஸ்இசி மாநாட்டின் இறுதி ஆட்டத்தின் நடுவில் முழங்கையில் அடிபட்டு விலக, இரண்டாம் ஆள் கன்னர் ஸ்டாக்டன் வந்து கூடுதல் நேரத்தில் டெக்சாஸை 22-19 என்று வென்றார். ஜார்ஜியாவுக்கு இரண்டாம் இடத்தைக் கொடுத்தீர்கள். மிகச் சரி. அடுத்த ஆட்டத்தில் நோட்ர டேமிடம் தோற்றார்கள், அதுவும் சரி. களத்தில் தோற்றார்கள்.

எங்கள் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் புல் கல்லறை என்று ஓர் இடம் இருக்கிறது. 1962-இல் ஜார்ஜியாவை அவர்கள் மண்ணிலேயே வென்றுவிட்டு, ஒரு பிடி புல்லைப் பிய்த்துக்கொண்டு வந்து புதைத்ததில் தொடங்கியது. தோற்பார்கள் என்று எல்லோரும் கணித்த வெளியூர் ஆட்டத்தில் வென்றால் அந்த மைதானத்தின் புல் இங்கே வந்துவிடும். கெய்ன்ஸ்வில்லில் வென்றால் கணிப்பெல்லாம் பார்ப்பதில்லை, எப்படியும் வெட்டிக்கொண்டு வந்துவிடுவோம். ரோட்மேக்கர் வென்ற அந்த 24-15-உம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. எப்போதாவது டாலஹாசி பக்கம் வந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். கல்லில் தேதியும் ஸ்கோரும் இருக்கும். அன்று பந்தை எறிந்தது முதல் ஆளா இரண்டாம் ஆளா என்று அங்கே பொறிக்கும் வழக்கம் இல்லை.

இப்படிக்கு,
வராந்தாவில் நிற்கும் ஒரு பழைய மாணவன்